1,80,000 ரூபாய்: மலைமேல் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டா, புரொஜெக்டரா, டேப்பா?

எங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் சேர்ந்து 1,80,000 ரூபாய் திரட்டிக் கொடுத்திருக்கிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் தைப்பவர், பெங்களூரில் டாக்ஸி ஓட்டுபவர், சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் கணக்கு எழுதுபவர் என்று ஆளுக்கு ஆயிரம், இரண்டாயிரமாகப் போட்ட பணம். கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார்கள்: "பெயிண்ட் அடிக்கிறதுக்கு வேண்டாம் சார். பசங்க படிக்கிறதுக்குப் புதுசா ஏதாவது வாங்குங்க. நாங்க பார்க்காததை அதுங்க பார்க்கட்டும்."

இரண்டு மாதமாக இதே யோசனைதான். இப்போது தவறாக வாங்கிவிட்டால், இவ்வளவு பணம் மறுபடி எப்போது சேரும் என்று சொல்ல முடியாது. அதனால் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் வைப்பதற்காக ஒவ்வொன்றையும் கடை கடையாக விசாரித்தேன், சிலவற்றை இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்தேன், குறித்து வைத்தேன். அந்தக் குறிப்பைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் இன்னொரு பள்ளிக்கும் உதவலாம்.

முதலில் பள்ளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சேலம் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து உள்ளே போக வேண்டும். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி. ஒன்று முதல் எட்டு வரை 94 பிள்ளைகள், ஐந்து ஆசிரியர்கள். நான் ஆறு, ஏழு, எட்டுக்குக் கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். பிள்ளைகளில் பாதிக்கு மேல் மலையாளி பழங்குடிக் குடும்பங்கள். பெயர்தான் மலையாளி, பேசுவது தமிழ். மற்றவர்கள் எஸ்டேட் வேலைக்கு வந்து தங்கியவர்களின் பிள்ளைகள். அரசுப் பள்ளிகளுக்குக் கடந்த சில ஆண்டுகளில் ஸ்மார்ட் வகுப்பறை, உயர் தொழில்நுட்ப ஆய்வகம் என்று வந்துகொண்டிருக்கின்றன. எங்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை. அதனால்தான் இந்தப் பணம் எங்களுக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

சிக்னல் கொடிமரத்துப் பக்கம் நின்றால் இரண்டு கோடு காட்டும், வகுப்பறைக்குள் வந்தால் அதுவும் இருக்காது. காற்று பலமாக அடித்தால் சில்வர் ஓக் கிளை முறிந்து கம்பியில் விழும். கரண்ட் வர சில சமயம் இரண்டு நாள் ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். சாக்பீஸ் நமுத்துப் போய்க் கரும்பலகையில் எழுதவே எழுதாது.

கடைக்காரரிடம் போய் "எது நல்லது சார்?" என்று கேட்பதற்கு முன்னால் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன குறை என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. 2025 ஜூனில் என் மூன்று வகுப்பிலும் சேர்த்து 38 பேருக்கு ஒரே தாள் கொடுத்தேன். மூன்றாம் வகுப்புக் கணக்கு முதல் ஏழாம் வகுப்புக் கணக்கு வரை கலந்து போட்டிருந்தேன். 84ஐ 6ஆல் வகுக்க 15 பேருக்குத் தெரியவில்லை. அதில் நாலு பேர் எட்டாம் வகுப்பு. அந்த நாலு பேருக்கும் நான் இயற்கணிதம் நடத்திக்கொண்டிருந்தேன்.

காரணம் தெரியாமல் இல்லை. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, ஒன்று முதல் எட்டு வரை படிப்பவர்களுக்குத் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. 2025 ஜூனில் எட்டாவதில் இருந்தவன் அப்போது மூன்றாம் வகுப்பை வீட்டிலேயே கடந்தவன். வகுத்தல் மனதில் பதிய வேண்டிய வயது அது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது. ஆனால் எங்கள் ஊரில் கரண்டும் டிவியும் ஒரே நேரத்தில் வாய்த்த வீடுகள் கொஞ்சம்தான். வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய வீட்டுப்பாடத்தைப் பார்க்கப் பாறைமேல் ஏறிச் சிக்னல் தேடிய பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். அதனால் "பெற்றோர் போன்லயே அனுப்பிடலாமே, எதுக்குச் செலவு?" என்ற யோசனையை முதலிலேயே தள்ளிவிட்டேன். அந்தப் போன் பகலில் அப்பாவோடு தோட்டத்துக்குப் போய்விடும்.

ஆக, என் கேள்வி இதுதான்: வாங்கப்போகும் பொருள் இந்த 15 பேருக்கு என்ன செய்யும்?

ஸ்மார்ட் போர்டு

எல்லோர் வாயிலும் முதலில் வரும் பெயர் இதுதான். தலைமையாசிரியருக்கும் இதில்தான் ஆசை. ஆசைப்படுவதில் நியாயமும் இருக்கிறது. கீழே சேலத்தில் எந்தத் தனியார் பள்ளி விளம்பரத்தைப் பார்த்தாலும் சுவரில் ஸ்மார்ட் போர்டு இருக்கும். நம் பிள்ளைக்கும் அது வேண்டும் என்று பெற்றோர் நினைப்பதில் தப்பே இல்லை.

சேலம் ஐந்து ரோடு பக்கம் விசாரித்ததில் 65 அங்குலப் பலகை 1,30,000 ரூபாய் என்றார்கள். ஸ்டாண்டு, அதற்குத் தாங்கும் யுபிஎஸ், மேலே ஏற்றிவந்து மாட்டும் கூலி எல்லாம் சேர்த்தால் 1,60,000. விற்பனைக்காரர் வேனில் ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்து ஒருநாள் முழுக்கக் காட்டினார். நல்ல மனிதர், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பலகையும் நன்றாகத்தான் இருந்தது. ஜன்னலைச் சாத்தாமலே பளிச்சென்று தெரிந்தது. படத்தின் மேலேயே விரலால் எழுத முடிந்தது. நேற்று எழுதியதை இன்று திரும்ப எடுக்க முடிந்தது. அவர் தன் போனிலிருந்து நெட் கொடுத்து, செயற்கைக்கோள் படத்தில் எங்கள் ஊரைத் தேடி எடுத்தபோது வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. "அது எங்க வீட்டுத் தகரம் சார்!" என்று ஒருத்தி கத்தினாள். நிலவரைபடம் என்றால் என்ன என்று அவர்களுக்கு அன்றைக்கு ஒரு நிமிடத்தில் புரிந்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அப்புறம் இதயத்தைக் காட்டினார். முப்பரிமாணத்தில் சுழன்றது, துடித்தது, அறை அறையாகத் திறந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். மறுநாள் எட்டாம் வகுப்பில் கேட்டேன்: "நேத்து இதயத்துல என்னம்மா பார்த்தீங்க?" "சுத்துச்சு சார்" என்றார்கள். ரத்தம் எந்த அறைக்குள் வந்து எந்த அறை வழியாக வெளியே போகிறது என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. இது போர்டின் குற்றம் இல்லை. நிறுத்தி, கேள்வி கேட்டு, நோட்டில் வரையச் சொல்லி நடத்தியிருந்தால் பதிந்திருக்கும். ஆனால் அந்த வேலையெல்லாம் ஆசிரியருடையது. அதைச் சாதாரணப் படத்தை வைத்தும் செய்யலாம்.

தடைகளில் பெரியது, அது ஒரு அறையில் மாட்டியபடி நிற்கும் என்பதுதான். எங்களுக்கு எட்டு வகுப்பு. ரிப்பேர் என்றால் ஆள் மலையேறி வர வேண்டும். மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்தால் அதுவும் நடக்காது. கோடை இடிமழைக்கு இங்கே எத்தனையோ வீட்டு டிவி போயிருக்கிறது. அப்படி ஒன்று இதற்கு நடந்தால் மொத்தப் பணமும் ஒரே அடியில் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேல், அந்த 15 பேர் இதிலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கைதான் பார்ப்பார்கள். ஏழாம் வகுப்புப் பாடம் கரும்பலகையில் ஓடினாலும் 65 அங்குலத்தில் ஓடினாலும், வகுத்தல் தெரியாதவனுக்கு எட்டாத உயரத்தில்தான் ஓடுகிறது.

புரொஜெக்டரும் டிவியும்

புரொஜெக்டர் சங்கதி எனக்குச் சொந்த அனுபவம். சில வருடம் முன்பு நன்கொடையாக ஒன்று வந்தது. முதல் வருடம் வாரம் மூன்று நாள் போட்டேன். பிள்ளைகள் ஜன்னலுக்குப் பழைய புடவையைக் கட்டி இருட்டாக்குவார்கள், அதுவே அவர்களுக்குத் திருவிழா மாதிரி. இரண்டாவது வருடம் மழைக்காலம் முடிந்து பீரோவிலிருந்து எடுத்துப் போட்டால் திரையில் சிலந்தி வலை போல ஏதோ படர்ந்திருந்தது. துணியால் துடைத்தேன், போகவில்லை. சுவரைத் துடைத்தேன், அதுவும் இல்லை. கடைசியில் லென்சுக்குள் பூஞ்சை. மலை ஈரத்தில் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். எனக்கு அப்போது தெரியாது. மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருபது வளைவும் இறங்கிச் சேலத்தில் கொடுத்தேன். சரிசெய்து வந்தது. அடுத்த வருடம் விளக்கு மங்கியது. விளக்கு மாற்றும் செலவைக் கேட்ட பிறகு அதைத் தொடவில்லை. இப்போது வரும் எல்இடி, லேசர் வகைகளில் விளக்கு மாற்றும் தொல்லை இல்லை, இருபதாயிரம் மணி நேரம்கூட ஓடும் என்கிறார்கள். ஆனால் பூஞ்சைக்கு எல்இடியும் ஒன்றுதான், லேசரும் ஒன்றுதான்.

கீழே சமவெளியில் இருக்கும் நண்பர்கள் சொல்வது வேறு குறை. சித்திரை வெயிலில் ஜன்னலைச் சாத்தி இருட்டாக்கினால் நாற்பது பிள்ளைகள் வெந்துபோகிறார்கள். மேலே ஈரம், கீழே வெக்கை. இரண்டு இடத்திலும் புரொஜெக்டர் தோற்றுவிடுகிறது. பெரிய ஹாலும் ஏசியும் இருக்கிற பள்ளிக்கு அது சரி.

43 அங்குல டிவி இதைவிடப் புத்திசாலித்தனமான செலவு. 28,000 ரூபாய். பென் டிரைவில் போட்டுக்கொண்டு வந்தால் நெட்டும் வேண்டாம், லேப்டாப்பும் வேண்டாம். சக்கரம் வைத்த ஸ்டாண்டில் நிறுத்தினால் எந்த வகுப்புக்கும் தள்ளிக்கொண்டு போகலாம். நூறு வாட்டுக்குப் பக்கத்தில்தான் கரண்ட் இழுக்கும், வீட்டு இன்வர்ட்டரே தாங்கும். எங்கள் மாதிரி இருபது, முப்பது பேர் இருக்கும் அறையில், ஸ்மார்ட் போர்டால் வரும் நன்மையில் முக்கால்வாசி இதிலேயே கிடைத்துவிடும் என்பது என் கணிப்பு. மேலே எழுத முடியாது, அவ்வளவுதான். எழுதத்தான் கரும்பலகை இருக்கிறதே.

திரை எதுவானாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒருநாள் ஆறாம் வகுப்பில் நீர்ச்சுழற்சிப் பாடம். வீடியோவில் ஏதோ ஒரு நாட்டுப் பனிமலைமேல் மேகம் நகர்ந்துகொண்டிருந்தது. அதே நேரம் ஜன்னலுக்கு வெளியே எங்கள் சேர்வராயன் மலை மேகம் கம்பியைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை. நிறுத்திவிட்டு எல்லோரையும் வெளியே அழைத்துப் போனேன். கையை நீட்டச் சொன்னேன். ரோமத்தில் துளித்துளியாக நீர் கோர்த்து நின்றது. "இதுதான் மேகம், நாம அதுக்குள்ளதான் நிக்கிறோம்" என்றேன். அடுத்த மாதம் தேர்வில் அந்தக் கேள்வியை யாரும் விடவில்லை.

அலுமினியம் பாடமும் அப்படித்தான். படத்தில் எங்கோ வெளிநாட்டுச் சுரங்கம் வரும். அலுமினியம் எடுக்கும் பாக்சைட் தாதுவை இந்த மலையிலேயே வெட்டி மேட்டூர் ஆலைக்கு அனுப்பியது எங்கள் பிள்ளைகளின் தாத்தாக்களுக்குத் தெரியும். அடிவாரத்தில் மேக்னசைட் வெட்டிய வெள்ளைக் குழிகளைப் பஸ்ஸில் போகும்போது எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அப்படி ஒரு தாத்தாவை உட்காரவைத்துப் போனில் ஐந்து நிமிடம் பேசவைத்துப் படம் பிடித்தேன். டிவி வந்தால் முதலில் போடப்போவது அதுதான். விலைக்கு வாங்கும் எந்தப் பாடத் தொகுப்பிலும் அது கிடைக்காது.

டேப்

டேப் என்கிற கையடக்கக் கணினியில் எனக்குப் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. பிள்ளைகள் கேம் ஆடுவார்கள், கீழே போட்டு உடைப்பார்கள் என்றுதான் நினைத்தேன். சேலத்தில் ஆசிரியராக இருக்கும் நண்பரிடம் மூன்று டேப் இரவல் வாங்கி இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் எண்ணம் மாறியது.

நெட் இல்லாமல் எப்படி என்று பலரும் கேட்கிறார்கள். அலுவலகத்தில் சும்மா கிடந்த பழைய லேப்டாப்பில் கோலிப்ரி என்ற இலவச மென்பொருளைப் போட்டேன். அது அந்த லேப்டாப்பையே சின்ன சர்வர் மாதிரி ஆக்கிவிடும். பாடங்களைச் சேலத்தில் வீட்டு நெட்டில் இறக்கிக்கொண்டு வந்துவிட்டால், மேலே இணையமே தேவையில்லை. அறைக்குள் ஒரு வைஃபை போதும். பிள்ளைக்கு ஒரு கணக்கு தொடங்கிக் கொடுத்தால், யார் எதுவரை செய்தார்கள் என்று அதுவே குறித்துக்கொள்ளும். இதோடு ஜியோஜீப்ரா என்ற கணித வரைபட மென்பொருளும், தொட்டு நகர்த்திப் பார்க்கும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் கணக்கு, அறிவியல் மாதிரிகளும் போட்டேன். ஃபெட் என்பது நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002இல் தொடங்கியது. தனிக் கோப்பாக இறக்கி வைத்தால் நெட் இல்லாமல் ஓடும், சிலது தமிழிலேயே இருக்கிறது. 2018 முதல் வந்த நம் பாடநூல்களில் க்யூஆர் குறியீட்டுக்குப் பின்னால் இருக்கும் திக்ஷா என்ற அரசுப் பாடத் தளத்தின் வீடியோக்களில் எனக்குப் பிடித்ததையும் சேர்த்தேன். எல்லாம் இலவசம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை, அவ்வளவுதான்.

ஏழாவதில் ஒரு பெண். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். மூன்றில் ஒன்று பெரிதா, நாலில் ஒன்று பெரிதா என்று கேட்டால் நாலில் ஒன்று என்பாள். நாலு பெரிய எண்ணாயிற்றே. நானும் சப்பாத்தி வரைந்து நாலைந்து தடவை சொல்லியிருக்கிறேன், தலையாட்டுவாள். டேப்பில் பின்னத்தைப் பட்டையாக வெட்டிப் பார்க்கும் மாதிரி ஒன்று உண்டு. அவள் ஒரு பட்டையை மூன்றாக வெட்டினாள், அதன் கீழே இன்னொன்றை நாலாக வெட்டினாள். துண்டை விரலால் இழுத்து இன்னொன்றின் மேல் வைத்தாள். எடுத்தாள். திரும்ப வைத்தாள். பிறகு ஐந்தாக, ஆறாக, எட்டாக வெட்டிக்கொண்டே போனாள். பத்து நிமிடம் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசியில் என்னிடம் வந்து மெதுவாக, "வெட்ட வெட்டச் சின்னதாயிடுது சார்" என்றாள்.

என் சப்பாத்தியிலும் இதேதான் இருந்தது. ஆனால் அங்கே தப்பாகச் சொன்னால் முப்பது கண் பார்க்கும். இங்கே எத்தனை தடவை தப்பு செய்தாலும் யாரும் சிரிக்கவில்லை. வகுப்பறையில் கருவி தரக்கூடிய பெரிய நன்மை இதுதான் என்று நான் நம்புகிறேன்.

இன்னொரு நன்மையை நான் எதிர்பார்க்கவில்லை. காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் பெற்றோர் எஸ்டேட் லைன் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அண்ணனோ அக்காவோ கூடவே போய்விடும். வாரக்கணக்கில் ஆள் வராது. திரும்பி வரும்போது வகுப்பு எங்கேயோ போயிருக்கும். டேப் அவன் விட்ட இடத்திலேயே நிற்கும்.

சரி, தடைகள். முதல் வாரமே ஒரு பையன் பயிற்சிக் கணக்கில் எல்லாவற்றுக்கும் சரியான விடை வாங்கியிருந்தான். ஆச்சரியப்பட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கணக்கைப் படிக்கவே இல்லை. "நாலு விடை இருக்குதுல்ல சார், ஒவ்வொண்ணா அமுக்குனா ஒண்ணு பச்சை ஆயிடும்" என்றான். மறைக்கக்கூடத் தெரியாத பிள்ளை. அன்றிலிருந்து ஒரு விதி வைத்தேன்: டேப்புக்குப் பக்கத்தில் நோட்டு இருக்க வேண்டும், நோட்டில் வழிமுறை எழுதிய பிறகுதான் விடையைத் தொட வேண்டும். நோட்டு இல்லாதவனுக்கு டேப் இல்லை. வேகம் பாதியாகக் குறைந்தது, ஆனால் படிப்பு நடந்தது. ஒரு பெரியவர் பக்கத்தில் இல்லாவிட்டால் இந்தக் கருவி வெறும் பொத்தான் பெட்டிதான்.

இது என் ஊரில் மட்டும் கண்ட விஷயம் இல்லை. பெரு நாட்டில் 8 லட்சத்துக்கும் மேல் மடிக்கணினிகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். கிராமப் பள்ளிகளில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2012இல் வந்தது: கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. கையில் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று விட்டால் அப்படித்தான் ஆகும். இதற்கு நேர் எதிராக டெல்லியில் ஒரு ஆய்வு. முரளிதரன், சிங், கனிமியான் மூவரும் 2019இல் வெளியிட்டது. பள்ளி நேரத்துக்கு வெளியே, பிள்ளை நிற்கும் படியிலிருந்து தொடங்கும் மைண்ட்ஸ்பார்க் மென்பொருளில் 45 நிமிடம், அப்புறம் சின்னக் குழுவாக ஒரு உதவி ஆசிரியரோடு 45 நிமிடம். நாலரை மாதத்தில் கணக்கில் மற்றப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்குக்கு மேல் முன்னேறினார்கள். அங்கேயும் ஆறாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கி இருந்ததாம். படித்தபோது என் 15 பேர்தான் கண்ணில் நின்றார்கள்.

மூன்றாவதாகக் குஜராத். லீ லிண்டன் 2008இல் எழுதிய ஆய்வு. அங்கே ஒரே மென்பொருளை இரண்டு விதமாகப் பயன்படுத்தினார்கள். ஆசிரியர் நடத்தும் பாடவேளையை எடுத்துக்கொண்டு அந்த நேரத்தில் கம்ப்யூட்டரில் உட்காரவைத்த இடத்தில் பிள்ளைகளின் மதிப்பெண் குறைந்தது. அதையே பள்ளி நேரத்துக்கு முன்னோ பின்னோ கூடுதலாகக் கொடுத்த இடத்தில் கூடியது. ஒரே கருவிதான். எந்த நேரத்தில் கொடுக்கிறோம், எதற்குப் பதிலாகக் கொடுக்கிறோம் என்பதுதான் வித்தியாசம். என்னைப் பொறுத்தவரை, விலைப்பட்டியலைவிட முக்கியமான தகவல் இது.

எதுவுமே வாங்காமல் இருந்தால்?

இந்தக் கேள்வியையும் நேர்மையாக வைக்க வேண்டும். உள்ளூரில் டிகிரி முடித்த பெண் ஒருவரை மாதம் 5,000 ரூபாய்க்குத் தினமும் ஒன்றரை மணி நேரம் கணக்கு சொல்லித்தர வைத்தால், 1,80,000 ரூபாய் முழுசாக மூன்று வருடத்துக்கு வரும். பூஞ்சை பிடிக்காது, இடி தாக்காது. இல்லம் தேடிக் கல்வி 2021இல் வந்தபோது எங்கள் ஊரில் மாலை நேரத்தில் ஒரு தன்னார்வலர் திண்ணையில் உட்கார்ந்து செய்த வேலையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மேலே சொன்ன ஸ்மார்ட் போர்டையும் இதையும் மட்டும் எதிரெதிரே வைத்து ஒன்றை எடு என்றால், யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன்.

ஆனால் ஒரு ஆளால் 15 பேரை, ஆளுக்கொரு படியில் நிற்பவர்களை, ஒரே நேரத்தில் கவனிக்க முடியாது. ஒருவனுக்குக் கழித்தல், ஒருத்திக்குப் பின்னம், இன்னொருவனுக்கு வாய்ப்பாடு. டேப் ஆறு பேரைப் பயிற்சியில் வைத்திருந்தால், அந்த ஆள் மற்றவர்களில் மூன்று பேர் பக்கத்தில் நிம்மதியாக உட்கார முடியும். டெல்லிக் கணக்கும் இதுதானே. பழைய மாணவர்களும் பிள்ளைகள் புதிதாக ஒன்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள். அந்த ஆசையை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

நேரம்தான் சிக்கலாக இருந்தது. மாலை வகுப்பு எங்கள் ஊரில் நடக்காது. நாலரை பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டின பிறகு. வழியில் காட்டெருமை நிற்கும். பெண் பிள்ளைகளை எந்த அம்மாவும் விட மாட்டார். காலை வந்து பார்த்தபோதுதான் விடை கண் முன்னாலேயே இருந்தது. 2024 ஜூலையிலிருந்து கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டம் வந்துவிட்டது. ஐந்தாம் வகுப்பு வரைதான் சாப்பாடு. ஆனால் தம்பி தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு ஆறு, ஏழு, எட்டுப் படிக்கும் அண்ணன் அக்காவும் அதே எட்டு மணி பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். சின்னவர்கள் உப்புமா சாப்பிடும்போது பெரியவர்கள் மணி அடிக்கும்வரை முற்றத்தில் சும்மா நிற்கிறார்கள். ஐம்பது நிமிடம், தினமும். என் பட்டியலில் உள்ள 15 பேரில் 11 பேர் அந்தப் பஸ்ஸில் வருகிறவர்கள். எந்தப் பாடவேளையையும் தொட வேண்டியதில்லை.

அதனால் கூட்டத்தில் நான் வைத்த திட்டம் இது. டேப் ஆறு, ஒன்று 14,000 வீதம் 84,000. இரண்டு பேருக்கு ஒன்று போதும். ஒருவர் தொடும்போது இன்னொருவர் நோட்டில் எழுதுவார், பிறகு மாற்றிக்கொள்வார்கள். டிவி ஒன்று, 28,000. இன்வர்ட்டரும் பேட்டரியும் 22,000. டேப்புக்குத் தடித்த ரப்பர் உறை, கண்ணாடிக்கு ஒட்டும் காகிதம், பூட்டு போட்ட மரப்பெட்டி எல்லாம் 6,000. காலை நேரத்துக்கு வரும் பெண்ணுக்கு மாதம் 3,000 வீதம் பத்து மாதம், 30,000. ஆக 1,70,000. மீதி 10,000 ரிப்பேருக்கு என்று தனியாக இருக்கும், வேறு எதற்கும் அதைத் தொடக்கூடாது.

தலைமையாசிரியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பத்து மாசம் கழிச்சு அந்தப் பொண்ணுக்குச் சம்பளம்?" என்று கேட்டார். நல்ல கேள்வி, என்னிடம் முழு விடை இல்லை. பழைய மாணவர்களிடம் ஒரேயடியாக வாங்காமல் மாதா மாதம் ஐம்பது, நூறு என்று கேட்டுப் பார்க்கலாம் என்று சொன்னேன். அவர் இன்னொன்றும் கேட்டார்: "நீங்க ரிட்டயர் ஆயிட்டா இதையெல்லாம் யார் பார்ப்பா?" அதற்காக ஆங்கில ஆசிரியை இப்போதே என்னோடு உட்கார்ந்து கோலிப்ரியில் பாடம் ஏற்றப் பழகிக்கொண்டிருக்கிறார். என்னைவிட வேகமாகக் கற்றுக்கொள்கிறார். கற்றுக்கொள்ளும் நேரம் மட்டும் எந்த விலைப்பட்டியலிலும் வராது. பத்து நிமிடப் பாடத்துக்கு ஒரு மணி நேரம் தயார் செய்ய வேண்டியிருக்கிறது, முதல் வருடம் முழுக்க அப்படித்தான் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

ஒரு அம்மா பின்வரிசையிலிருந்து எழுந்து, "டேப்பு தேய்ச்சிட்டே இருந்தா கையெழுத்து போயிடாதுங்களா சார்?" என்று கேட்டார். மேசையில் இருந்த, பச்சை ஆகும்வரை அமுக்கிய அந்தப் பையனின் நோட்டை எடுத்துக் காட்டினேன். இரண்டு வாரத்தில் 31 பக்கம் எழுதியிருந்தான். வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். நோட்டு அப்படியே கை மாறிக் கை மாறி ஹாலைச் சுற்றி வந்தது.

கடைசியாகப் பெட்டிச் சாவி யாரிடம் இருப்பது என்ற பேச்சு வந்தது. எட்டு மணிக்கு நான் இன்னும் பஸ்ஸில்தான் இருப்பேன். அந்த நேரத்தில் பள்ளியில் இருப்பவர் காலை உணவு சமைக்கும் அக்கா ஒருவர்தான். கூட்டத்துக்கு அவரையும் அழைத்திருந்தோம். ஏழு மணிக்கே வந்துவிடுவதால் தானே திறந்து கொடுப்பதாகச் சொன்னார். "ஆனா பெட்டிய சமையக்கட்டு சுவத்தோரம் வெச்சிடாதீங்க சார். அங்க ஆவி அடிச்சு என் தீப்பெட்டியே நமுத்துப் போவுது."

பெட்டி இப்போது அலுவலக அறையில், வெயில் விழும் கிழக்கு ஜன்னல் பக்கத்தில் இருக்கிறது.